மூன்றாண்டு வாழ்ந்த மோட்டார் வண்டி



வென்றவர்களின் வரலாற்றையே உலகம் விரும்பிப் படிக்கிறது. மோட்டார்த் தொழிலின் வரலாறும் இதற்கு விலக்கன்று. ஹென்றி போர்டின் பெயரை அறியாதவர் நம்மிடையே இலர். ஆனால் அவர் வாழ்ந்த அதே காலத்தில், அதே அமெரிக்க நாட்டில், மோட்டார் வண்டி செய்யத் துணிந்து, சில ஆண்டுகளுக்குள் மறைந்துபோன நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. 1896-ஆம் ஆண்டு மாசசூசெட்சு மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் துரியே சகோதரர் இருவர் ஒரே அமைப்பில் 13 வண்டிகளைச் செய்தனர். அமெரிக்காவில் ஒரே மாதிரியைக்கொண்டு பல மோட்டார் வண்டிகள் செய்யப்பட்டது அதுவே முதன்முறை. எனினும் இரண்டே ஆண்டுகளில் சகோதரர்கள் பிரிந்தனர், நிறுவனமும் மறைந்தது.

இவ்வாறு தோன்றி மறைந்தவற்றுள் ஒன்றைப் பற்றியே இத்திங்கள் எழுத விழைகிறோம். ஒகையோ மாநிலத்தில் கிரீன்பீல்டு என்னும் சிற்றூரில், 1915 முதல் 1918 வரை மூன்றே ஆண்டுகள் மோட்டார் வண்டி செய்த 'சி. ஆர். பேட்டர்சன் அண்டு சன்ஸ்' என்னும் நிறுவனமே அது. அந்நிறுவனம் செய்த 'பேட்டர்சன்-கிரீன்பீல்டு' வண்டிகளுள் ஒன்றேனும் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. பின் ஏன் அதைப் பற்றி எழுதவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். அடிமையாய்ப் பிறந்த ஒரு மனிதரின் குடும்பம் அவ்வண்டியைச் செய்தது என்பது ஒரு காரணம். அதைச் செய்யத் தொடங்கியபோது காட்டிய துணிவைக் காட்டிலும், அதை நிறுத்தியபோது அக்குடும்பம் காட்டிய அறிவு பெரிது என்பது மற்றொரு காரணம்.

கொல்லன் உலையில் தொடங்கியது

சார்லஸ் ரிச்சர்டு பேட்டர்சன் 1833-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் அடிமையாய்ப் பிறந்தார். அடிமைத் தாயின் பிள்ளையும் அடிமையே என்பது அங்கு அன்றிருந்த சட்டம். அடிமையின் உழைப்பும், அவன் கற்ற தொழிலும், அவன் பெற்ற மக்களும் அவனுக்கு உரியவை அல்ல, எசமானுக்கே உரியவை. ஆனால் ஒகையோ ஆற்றைக் கடந்து வடகரையை அடைந்துவிட்டால், அங்கே அடிமை முறை இல்லாத ஒகையோ மாநிலம். தப்பி வருவோருக்கு மறைவாக அடைக்கலம் தந்து உதவிய நல்லோர் அம்மாநிலத்து ஊர்கள் பலவற்றில் இருந்தனர். கிரீன்பீல்டும் அவற்றுள் ஒன்று. அவ்வூருக்கு வந்து சேர்ந்த சார்லஸ், விடுதலை பெற்ற மனிதராய் அங்கே தம் வாழ்வை அமைத்துக்கொண்டார்.

அவர் கையில் இருந்த செல்வம் ஒன்றே ஒன்று. அது கொல்லுத்தொழில். குதிரை வண்டிகள் செய்யும் பட்டறையில் அவர் வேலைக்கு அமர்ந்தார். அக்காலத்தில் ஒரு வண்டிச் சக்கரத்தைச் செய்து முடிப்பது எளிய காரியமன்று. நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றின் முனைகளைச் சேர்க்கும் வட்டை ஆகிய அனைத்தும் மரத்தால் ஆனவை. ஆரக்கால்களுக்கு 'ஹிக்கரி' என்னும் உறுதிவாய்ந்த மரத்தை விரும்பித் தேர்ந்தனர். இவற்றின்மேல் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி உடனே நீர் ஊற்றுவர். குளிர்ந்த இரும்பு சுருங்கி மரத்தை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பட்டையின் அளவு சிறிது மிகுந்தால் சக்கரம் கழன்று ஆடும். சிறிது குறைந்தால் ஆரக்கால்கள் வளைந்துவிடும். கண்ணும் கையும் ஆண்டுக்கணக்கில் பழகினாலன்றி இவ்வளவு நுட்பம் கைவராது. சார்லசுக்கு அது கைவந்தது.

1873-ஆம் ஆண்டில் ஜே. பி. லோ என்னும் வெள்ளையரோடு கூட்டுச் சேர்ந்து அவர் சொந்தமாக வண்டித் தொழில் தொடங்கினார். அமெரிக்க நாடெங்கும் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1865-ஆம் ஆண்டில் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். எட்டே ஆண்டுகளுக்குப் பின், ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் ஒரு பட்டறைக்குச் சம உரிமையாளராய் நின்றது அரிய நிகழ்ச்சி. 1893-இல் தொழில் முழுவதும் பேட்டர்சன் கைக்கு வந்தது. மருத்துவர்கள் நோயாளிகளின் இல்லம் தேடிச் செல்வதற்கேற்ற வண்டி உட்பட 28 வகைக் குதிரை வண்டிகள் அங்கே செய்யப்பட்டன. கறுப்பரும் வெள்ளையரும் அப்பட்டறையில் அருகருகே நின்று உழைத்தனர்.

மூடிய பள்ளிக் கதவு

உழைத்து முன்னேறிய தந்தைக்குத் தம் மகனைப் படிக்கவைக்க வேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பு. 1871-இல் பிறந்த தம் மகனுக்குச் சார்லஸ் இட்ட பெயர் பிரெடெரிக் டக்ளஸ் பேட்டர்சன். அடிமையாய்ப் பிறந்து, அடிமை ஒழிப்புக்காக நாடெங்கும் முழங்கிய பெரியார் பிரெடெரிக் டக்ளசை நினைவூட்டும் பெயர் அது. ஆனால் கிரீன்பீல்டு உயர்நிலைப் பள்ளியில் அம்மகனுக்கு இடம் மறுக்கப்பட்டது. மாணவனிடம் குறை ஏதுமில்லை; தோலின் நிறமே குறை.

சார்லஸ் சினந்து கூச்சலிடவில்லை, வாளாவிருக்கவுமில்லை. பள்ளிக் குழுவின்மீது வழக்குத் தொடர்ந்தார், வென்றார். அக்காலத்தில், 1887-ஆம் ஆண்டில், கறுப்பினப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் நடத்த இடந்தந்த சட்டத்தையே ஒகையோ மாநிலம் நீக்கிவிட்டது. பிரெடெரிக் அப்பள்ளியில் படித்துத் தேறினார்.

பின்னர் அவர் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் சென்றார். அப்பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் 1891-ஆம் ஆண்டு இடம்பெற்ற அவரே அவ்வணியில் ஆடிய முதல் கறுப்பின மாணவர். (நாம் ஆடும் கால்பந்தன்று அது, பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்.) அதன் பின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஆசிரியப் பணி ஏற்றார். வண்டிப் பட்டறையின் புகையும் கரியும் இனித் தம்மைத் தொடா என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் தந்தையோடு தொழிலைக் கவனித்து வந்த சகோதரர் சாமுவேல் நோயுற்று இறந்தார். தந்தையோ முதுமையை எட்டியிருந்தார். கற்றறிந்த மகன் ஆசிரியப் பணியை விட்டு, கிரீன்பீல்டுக்கே திரும்பினார்.

இதைத் தியாகம் என்று சொல்வதா, கடமை என்று சொல்வதா? பெயர் எதுவாயினும், தந்தை வழக்காடிப் பெற்றுத்தந்த கல்வியை மகன் தந்தையின் பட்டறைக்கே கொண்டுவந்தார். அக்கல்வி அங்கே வீணாகவில்லை என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

குதிரையில்லா வண்டி வந்தது

சார்லஸ் பேட்டர்சன் 1910-ஆம் ஆண்டு காலமானார். அவர் கண்ணை மூடிய காலத்திலேயே குதிரை வண்டித் தொழிலின் அந்தி தொடங்கிவிட்டது. 1908-ஆம் ஆண்டு அக்டோபரில் போர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' வண்டி 850 டாலர் விலையில் சந்தைக்கு வந்திருந்தது. வண்டி செய்வோர் அனைவர் முன்னும் ஒரே கேள்வி நின்றது: பழந்தொழிலைப் பற்றிக்கொண்டு நிற்பதா, புதியதற்கு மாறுவதா?

மாறியவர்களும் உண்டு. 1852 முதல் இந்தியானா மாநிலத்தில் பாரவண்டி செய்துவந்த ஸ்டூடிபேக்கர் குடும்பத்தார் 1902-இல் மின்சாரக் கார்களும் 1904-இல் பெட்ரோல் கார்களும் செய்யத் தொடங்கினர். 1966 வரை கார்த் தொழிலில் நிலைத்து நின்றனர். மிச்சிகன் மாநிலத்துப் பிளிண்டு நகரில் குதிரை வண்டித் தொழிலால் செல்வரான வில்லியம் டுராண்டு 1908-இல் 'ஜெனரல் மோட்டார்ஸ்' நிறுவனத்தையே தோற்றுவித்தார். ஆனால் அவர்களிடம் பெரும் முதல் இருந்தது. வங்கிகளின் நம்பிக்கையும் இருந்தது. கிரீன்பீல்டில் இருந்ததோ கைத்திறனும் ஒரு சிறு பட்டறையும்.

பிரெடெரிக் அவசரப்படவில்லை. முதலில் பிறர் செய்த மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணியைத் தம் பட்டறையில் தொடங்கினார். வண்ணம் தீட்டுதல், இருக்கை தைத்தல், பின்னர் எந்திரம் செப்பனிடுதல் என்று படிப்படியாகத் தொழிலாளர்கள் புதிய வித்தையைக் கற்றனர். உடைந்த பொருளைச் சீர்செய்வோன் அதைச் செய்யும் முறையையும் அறிந்துகொள்கிறான் அல்லவா? சம்பளம் கொடுத்துப் பயிலவேண்டிய பாடத்தை அவர்கள் கூலி வாங்கிக்கொண்டே பயின்றனர்.

1915-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் முதலாவது பேட்டர்சன்-கிரீன்பீல்டு கார் பட்டறையை விட்டு வெளியே வந்தது. கறுப்பின அமெரிக்கர் ஒருவருக்கு உரிமையான நிறுவனம் செய்த முதல் மோட்டார் கார் அதுவே. 'கான்டினென்டல்' நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்ட நான்கு சிலிண்டர் எந்திரம் அதற்குப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் ஆற்றல் 30 குதிரைத்திறன். எந்திரத்தை வெளியே வாங்கி உடலைத் தாமே அமைப்பது அக்காலத்துச் சிறு நிறுவனங்கள் பலவும் கையாண்ட முறை. வண்டியின் உடல், இருக்கை, வண்ணப்பூச்சு ஆகியவற்றில் 40 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பட்டறைப் பயிற்சி அவர்களுக்குக் கைகொடுத்தது.

போர்டு வண்டியை அன்று முன்புறம் நின்று கைப்பிடியைச் சுழற்றியே கிளப்பவேண்டும். கைப்பிடி எதிர்த்து உதைத்து மணிக்கட்டு முறிந்தவர் பலர். மாடல் டி வண்டிக்கு மின்சாரக் கிளப்பி வந்தது 1919-ஆம் ஆண்டில்தான். பேட்டர்சன் வண்டியிலோ மின்சாரக் கிளப்பியும் மின்விளக்கும் தொடக்கத்திலேயே இருந்தன. ஆற்றலிலும் அது 20 குதிரைத்திறன் கொண்ட போர்டு வண்டியை விஞ்சியது.

கணக்கு ஒத்துவரவில்லை

ஆயினும் அவ்வண்டி மூன்றாண்டுக்குமேல் வாழவில்லை. ஏன்? விடை கைத்திறனில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

1913-ஆம் ஆண்டில் போர்டு தமது ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் தொடர்வரிசை முறையைப் புகுத்தினார். தொழிலாளி வண்டியை நாடிச் செல்லாமல், வண்டியே தொழிலாளியை நாடி நகர்ந்து வந்தது. அதனால் அடிச்சட்டம் ஒன்றைப் பூட்டுவதற்கு முன்பு பிடித்த 12½ மணி நேரம் 93 நிமிடமாகக் குறைந்தது. 1914-இல் அந்நிறுவனம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தது. 1915-இல் ஐவர் அமரும் போர்டு வண்டியின் விலை 440 டாலராகவும், அடுத்த ஆண்டில் 360 டாலராகவும் இறங்கியது. பேட்டர்சன் வண்டியின் தொடக்க விலை 685 டாலர்.

கிரீன்பீல்டில் செய்யப்பட்ட கார்கள் மொத்தம் எத்தனை? 30 என்பாரும் உளர். 150 வரை இருக்கலாம் என்பாரும் உளர். மேல்வரம்பையே கொண்டாலும், அக்குடும்பம் மூன்றாண்டு உழைத்துச் செய்ததை டெட்ராய்டின் அந்த ஒரு தொழிற்சாலை ஒரு நாள் முடிவதற்குள் செய்து முடித்துவிடும். விலையைக் குறைக்கவேண்டுமாயின் எண்ணிக்கையைப் பெருக்கவேண்டும்; எண்ணிக்கையைப் பெருக்கவேண்டுமாயின் புதிய எந்திரங்களும் பெரிய கட்டடமும் வேண்டும்; அவற்றுக்குப் பெருமுதல் வேண்டும். அம்முதல் அவர்களுக்குக் கிட்டவில்லை.

இங்கே நாம் நடுநிலை தவறலாகாது. அதே ஆண்டுகளில் வெள்ளையர் நடத்திய சிறு நிறுவனங்களும் இதே கணக்கில் சிக்கி மடிந்தன. ஆகவே நிறம் ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் நிறம் காரணமே அன்று என்று கூறுவதும் பொய்யாகும். 'தனித்தனியே, ஆயினும் சமமாக' என்று சொல்லி இனப் பிரிவினைக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1896-இல் ஒப்புதல் அளித்திருந்தது. பள்ளிகளைப் பொறுத்தவரை அத்தீர்ப்பு மாறுவதற்கு 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தகைய நாட்டில், கறுப்பர் ஒருவர் கடனுக்கும் முதலுக்கும் வாயில்தோறும் ஏறி இறங்குவது எத்தகைய அனுபவமாய் இருந்திருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். புக்கர் டி. வாஷிங்டன் 1900-ஆம் ஆண்டில் 'தேசிய நீக்ரோ வணிகக் கழகம்' என்று அந்நாள் வழக்குப்படி பெயரிட்டு ஒரு சங்கத்தை நிறுவியது, இத்தகைய வணிகர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் பொருட்டே. பிரெடெரிக் அதன் துணைத்தலைவராகவும் இருந்தார்.

நிறுத்தத் தெரிந்த அறிவு

1918-ஆம் ஆண்டில் பிரெடெரிக் கார் செய்வதை நிறுத்தினார். இவ்விடத்தில்தான் இவ்வரலாறு நம் உள்ளத்தைத் தொடுகிறது.

பெருமை என்பது பொல்லாதது. 'என் பெயர் தாங்கிய கார்' என்னும் பெருமைக்காகக் கடன்மேல் கடன் வாங்கி, தந்தை அமைத்த பட்டறையையும் அங்கு உழைத்தோரின் பிழைப்பையும் அவர் பணயம் வைத்திருக்கலாம். அவ்வாறு செய்து அழிந்தவர் பலர். பிரெடெரிக் வேறொன்றைச் செய்தார். 'நம்மால் எதை நன்றாகச் செய்ய முடிகிறது? எது நம்மைத் தின்கிறது?' என்று பிரித்துப் பார்த்தார். வண்டியின் உடலை அமைப்பதில் தம் தொழிலாளர் எவருக்கும் இளைத்தவர் அல்லர். எந்திரமும் அடிச்சட்டமும் செய்யும் போட்டியிலோ டெட்ராய்டை வெல்ல இயலாது. அப்படியாயின், பெரிய நிறுவனங்கள் மலிவாகச் செய்து குவிக்கும் அடிச்சட்டங்களை வாங்கி, அவற்றின்மேல் பஸ்ஸுக்கும் லாரிக்கும் உடல் கட்டித் தந்தால் என்ன? தம்மை வீழ்த்திய போட்டியாளரையே தமக்குப் பொருள் வழங்குவோராக அவர் மாற்றிக்கொண்டார்.

நிறுவனம் 'கிரீன்பீல்டு பஸ் பாடி கம்பெனி' என்று புதுப்பெயர் பெற்றது. அது செய்த பஸ்கள் ஒகையோ மாநிலத்திலும் அண்டை மாநிலங்களிலும் ஓடின. 1932-இல் பிரெடெரிக் மறைந்தபின் அடுத்த தலைமுறை பொறுப்பேற்றது. பொருளாதாரப் பெருமந்தத்தின் அடி கடுமையாய் இருந்தது. 1938-இல் தொழில் கலிபோலிஸ் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. 1939-இல் கதவு அடைக்கப்பட்டது. மூன்றாண்டில் முடிந்துவிடக்கூடிய கதை, கார்த் தொழிலை விட்டபின் மேலும் இருபது ஆண்டுகளுக்குமேல் நீண்டது. தந்தையின் காலத்தையும் சேர்த்து எண்ணினால் மூன்று தலைமுறை, 66 ஆண்டுகள்.

2021-ஆம் ஆண்டில் சார்லஸ், பிரெடெரிக் இருவர் பெயரும் அமெரிக்க 'ஆட்டோமோட்டிவ் ஹால் ஆப் ஃபேம்' என்னும் மோட்டார்த் தொழிற் பெருமக்கள் மன்றத்தில் சேர்க்கப்பட்டன. அம்மன்றம் இருப்பது ஹென்றி போர்டின் சொந்த ஊராகிய டியர்போர்னில். இலட்சக்கணக்கில் கார் செய்தவர் பெயரும், ஒரு கார்கூட எஞ்சாத குடும்பத்தார் பெயரும் ஒரே மன்றத்தில் உள்ளன.

ஒன்றைச் சொல்லி முடிக்க விழைகிறோம். நம் பெற்றோர் பலர், 'என் தொழில் என்னோடு போகட்டும்' என்கின்றனர். பிள்ளைகளோ, 'அப்பாவின் தொழில் இக்காலத்துக்கு ஆகாது' என்கின்றனர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. குதிரை வண்டி மறைந்தது. அதை எவராலும் தடுத்திருக்க இயலாது. ஆனால் சக்கரப் பட்டையை நூலிழை பிசகாமல் பொருத்தக் கற்ற கையின் ஒழுங்கு மறையவில்லை. அது கார் செய்தது. கார் போனபின் பஸ் செய்தது. தொழில் வேறு, தொழில் தந்த திறமை வேறு. முன்னதை விடவேண்டிய நாள் வந்தால் விட்டுவிடலாம். பின்னதை விட்டவர்களே உண்மையில் இழந்தவர்கள்.

இன்னும் ஒன்று. அக்குடும்பத்தின் பட்டறையில் பின்னாளில் மிகுதியாகச் செய்யப்பட்டவை எவை தெரியுமா? பள்ளிப் பேருந்துகள். நிறத்தைக் காட்டித் தம் வீட்டுப் பிள்ளையைப் பள்ளி வாயிலில் தடுத்து நிறுத்திய அதே மாநிலத்தில், காலைதோறும் ஊர்ப்பிள்ளைகளை ஏற்றிச் சென்று பள்ளி வாயிலில் இறக்கிவிடும் வண்டிகளை அவர்கள் கட்டிக் கொடுத்தார்கள்.